இடுப்பில் பள்ளமுள்ள கோப்பைகள்

காலையில் வண்டியில் அட்டைப் பெட்டிகளை ஏற்றும்போதே அம்மா வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வரும்போது இரண்டில் ஒரு பெட்டியாவது காலியாக வர வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து பின்னறை வாடகைக்கு. சைக்கிள் சாமான் விற்கும் ஒருவர் டயர் அடுக்கிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். பின்னறையை இரண்டு தடவை வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது தடவை அண்ணியின் சூளையைக் காட்டி, இது எப்போது நகரும் என்று அவர் அம்மாவிடம் கேட்டதை நானே காதால் கேட்டேன்.

அண்ணி வாதம் செய்யவில்லை. பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "சரிங்க அத்தை" என்றாள். முடிச்சு மட்டும் மூன்று தடவை நழுவியது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் மருந்துக்கடையில் வேலை. மற்ற வீடுகளில் மருமகள் பெட்டி படுக்கையோடு வருவாள், எங்கள் வீட்டில் மண் வனைகிற சக்கரத்தோடு வந்திருக்கிறாள் என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சக்கரம் வந்த ஆறாம் மாதம் மின்சாரச் சூளையும் வந்தது. அதற்குப் பிறகு கரண்ட் பில் வருகிற நாளில் அம்மாவின் முகம் பில்லைவிட நீளமாக இருக்கும்.

அண்ணி செய்வது கோப்பை மட்டும்தான். கைப்பிடி வைக்கமாட்டாள். களிமண் ஈரமாக இருக்கும்போதே யாராவது ஒருவர் அதைக் கையால் பிடித்து அழுத்த வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நான்கு விரல் மறுபக்கம். பள்ளம் விழுந்த இடத்தில் உள்பக்கமாக இன்னொரு பட்டை மண்ணை ஒட்டி அவள் தடிமனாக்குவாள். கொதிக்கக் கொதிக்க எதை ஊற்றினாலும் விரல் படும் இடத்தில் இளஞ்சூடுதான் தெரியும். இதற்காக வீட்டுக்கு வருகிற எவரையும் அவள் விடுவதில்லை. அண்ணன் கை, என் கை, பக்கத்து வீட்டு டீச்சர் கை, தபால்காரர் கை. மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒரு கோப்பையை அழுத்திய பிறகுதான் ரீடிங் எழுத முடிந்தது. ஒவ்வொருவர் அழுத்தும்போதும் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

அம்மா மட்டும் கை கொடுக்கவில்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியதில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. கோணல் விரலை மண்ணில் பதித்து ஊருக்கு வேறு காட்ட வேண்டுமா என்று கேட்டாள். அண்ணி திரும்பக் கேட்கவில்லை. அதே வாரம் துணி துவைக்கிற தொட்டி ஓரத்திலிருந்த சோப்பு காணாமல் போய், இரண்டு நாள் கழித்துப் பின்னறை ஜன்னலில் கிடைத்தது. மண் பிசைய என் சோப்பும் கேட்குதா என்று அம்மா அதற்கும் ஒரு மூச்சு பாடித் தீர்த்தாள்.

ஒரு பெட்டிக்கு இருபது கோப்பை. எட்டு மாதத்து ராத்திரிகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த இரண்டு பெட்டிக்குள் இருந்தன.

அவற்றை விற்கப் போன ஊர் விழா பெரிய விளையாட்டு மைதானத்தில். ஒரு பக்கம் கைவேலைக் கடைகள், எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் அகலமாகப் புல்தரை. அண்ணன் எங்களை இறக்கிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டான். நாலு மணிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. எனக்குக் கூட்டம் என்றாலே பயம். ஆனாலும் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மரம் கடைகிறவரின் இயந்திரத்திலிருந்து சீவல் சுருள் சுருளாகப் பறந்து அவருடைய தாடியில் தங்கிக்கொண்டிருந்தது. கூடை பின்னுகிற பெண் பக்கத்துக் கடைக்காரியுடன் சண்டை போட்டுக்கொண்டே, கீழே பார்க்காமல் பின்னிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் ரொட்டி அடுப்பு, சோளம் சுடுகிற புகை, வெண்ணெய் உருகுகிற வாசனை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டால் என்ன என்று இருந்தது.

எங்கள் இடம் கைவேலை வரிசையில் கடைசி. எதிர்ப்பக்கம் இடம் போதாமல் ஒரு சூப் கடையை மட்டும் எங்கள் பக்கத்தில் தள்ளியிருந்தார்கள். சூப் கடைக்காரர் பானையைவிட அகலமாக இருந்தார். எங்கள் கடைக்கு நாற்காலி வருவதற்கு முன்பே அண்ணியின் வேலை, அண்ணனின் வேலை, நான் ஏன் பேசுவதில்லை என்பது வரை விசாரித்து முடித்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் உள்ளே வந்தது. இரண்டு மணி வரைக்கும் எங்களிடம் ஒரு கோப்பைகூடப் போகவில்லை.

மேசை மேல் நிற்கும்போது அந்தக் கோப்பைகள் யாரோ மிதித்துவிட்டுப் போனவை போலத்தான் தெரிந்தன. ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, நசுங்கினதுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டார். இன்னொரு அம்மா, பாவம், வண்டியில வரும்போது இடிபட்டுருச்சா என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனாள். எடுத்துப் பிடித்துப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும். ஆனால் எடுக்கத்தான் வழியில்லை. கைவேலைக் கடை எல்லாவற்றுக்கும் விழாக் கமிட்டி ஒரு அட்டை கொடுத்திருந்தது. 'பொருட்களைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.' அதை மேசை நடுவில் நிற்கவைக்க வேண்டும், எடுத்தால் அடுத்த வருடம் இடம் கிடையாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கையில் பிடிப்பதற்கென்றே செய்த சாமானுக்கு நடுவில் அந்த அட்டை காவல்காரன்போல நின்றது.

அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், கமிட்டிப் பந்தலுக்குப் போய் அட்டையை எடுக்க அனுமதி கேட்டுவிட்டு வருகிறேன், நீ பார்த்துக்கொள் என்று கிளம்பினாள். அங்கே குறை சொல்ல வந்தவர்களின் வரிசை பந்தலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். சூப் கடைக்காரர் தன்னுடைய இரண்டாவது பெட்டியைப் பிரித்தார், மூன்றாவதைப் பிரித்தார், பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அவர் முன்னால் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். பெட்டிக்குள் பேப்பர் கப்புக்குப் போடுகிற மூடிகள் மட்டும் இருந்தன. ஆயிரம் மூடி, ஒரு கப் இல்லை.

"தங்கச்சி," என்றார் என் பக்கம் சாய்ந்து, "ஒரு பத்து கப் குடும்மா. குடிச்சதும் கழுவிப் பளபளன்னு திருப்பித் தர்றேன். என் மச்சான் மூடிய மட்டும் அனுப்பிட்டு, கப்ப அவன் வீட்லயே வச்சு அழகு பார்க்கிறான்."

எனக்கு ஒரு வியாதி உண்டு. முடியாது என்ற சொல் நெஞ்சிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேர்வதற்குள் தலை ஆடி முடித்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறாயா, வீட்டில் இருந்துகொள்கிறாயா என்று கேட்டபோதும் அப்படித்தான் ஆடியது. சூப் கடைக்காரரிடமும் ஆடியது.

பத்து கோப்பை போனது. இன்னும் ஒரு அஞ்சு என்றார். ஆடியது. அப்புறம் அவர் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்ப்பார், நான் ஆட்டுவதற்குள் நாலைந்தை அள்ளிக்கொள்வார். கடை முன்னாலேயே நின்று குடித்துவிட்டுத் தந்துவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனால் வெயில் எங்கள் வரிசையில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சூப்பை வாங்கினவர்கள் வாங்கின கையோடு நிழல் தேடிப் போனார்கள். மரத்தடிக்கு, ஊஞ்சல் பக்கம், பாட்டுக் கச்சேரி மேடைக்கு. கண்ணெதிரே கோப்பைகள் கால் முளைத்து நடந்து போயின. நான் மேசைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் அடையாளம் தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதோ டீச்சர் கை. அதோ மீட்டர்காரர். அதோ அண்ணன்.

அண்ணி திரும்பி வரும்போது கிட்டத்தட்ட ஓடிவந்தாள். கையில் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு. "பூச்சி, எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க," என்றவள் மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். நாலு கோப்பைதான் மிச்சம் இருந்தது. (பூச்சி நான்தான். வாயில்லாப் பூச்சி என்று அண்ணன் வைத்த பெயர், நாளடைவில் வாய் போய்ப் பூச்சி மட்டும் நின்றுவிட்டது.)

"எல்லாம் வித்துருச்சா?" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் என் தலை முதல்தடவையாகப் பக்கவாட்டில் ஆடியது.

"அப்ப எங்க?"

நான் மைதானத்தைக் கையால் காட்டினேன்.

அவள் கவிழ்த்துவைத்திருந்த பெட்டி மேல் உட்கார்ந்தாள். சூப் கடைக்காரர் பாதி விஷயத்தை அவரே சொல்லி, மீதிக்குத் தன்னையே திட்டிக்கொண்டார். பானை அடுப்பில் இருக்கிறது, விட்டுவிட்டு ஓட முடியாது, இல்லையென்றால் தானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றார். அண்ணி அவரையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பூச்சி," என்றாள். "ஒரே ஒரு வார்த்தை."

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். நாலு மணிக்கு அம்மா வந்து நிற்பாள். பெட்டி என்னவோ இரண்டுமே காலிதான். ஆனால் விற்றுக் காலியாவதற்கும் தொலைத்துக் காலியாவதற்கும் உள்ள வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியாதா?

நான் சூப் கடைக்காரரின் பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் இறங்கினேன்.

முதலில் மரத்தடியில் இரண்டு பெண்கள். கையில் எங்கள் கோப்பை. போய் நின்றேன். வாய் ஒட்டிக்கொண்டது. தொட்டியை மட்டும் நீட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். என்ன நிதி என்று மரியாதையாக வேறு கேட்டாள். நான் குனிந்து அவள் கையிலிருந்த கோப்பையைத் தொட்டேன். "இதுவா?" என்றாள். "இன்னும் கொஞ்சம் இருக்கே. குடிச்சுட்டுத் தரேனே." அதைச் சொல்லும்போது அவள் இன்னொரு கையையும் கோப்பைமேல் வைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

ரொட்டி அடுப்புக்காரம்மாவிடம் இருந்தது என் கோப்பை. என் கை அழுத்தினது. எனக்குக் கை சின்னது. அந்த அம்மா மாவு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற ஆகிருதி. ஆனால் விரல்கள் குட்டி குட்டியாக, அச்சு அசலாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தன. தொட்டியைப் பார்த்ததுமே அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். தரமுடியாது, போ என்றாள். முப்பது வருடமாக டீ ஆறிப்போய்த்தான் குடிக்கிறேன், அடுப்படிக்காரிக்குச் சூடு தாங்காதா என்று வீட்டில் கேலி பண்ணுகிறார்கள், இதில் விரல் சுடவே இல்லையே, இதை யார் செய்தது, விலை என்ன? நான் எங்கள் கடைப் பக்கம் கையைக் காட்டினேன். ரொட்டி வெந்ததும் நானே வர்றேன் என்று சொல்லி, கோப்பையைத் தராமல் ஒரு துண்டு ரொட்டியைத் தொட்டிக்குள் வைத்து அனுப்பினாள்.

மரம் கடைகிறவர் சூப்பை எப்போதோ முடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிப் பிடித்தார், திறந்து பிடித்தார். ஊஞ்சல் பக்கம் ஒரு கோப்பை மூன்றாக உடைந்து கிடந்தது. துண்டைப் பொறுக்கிப் பார்த்தேன், டீச்சருடையது. கச்சேரி மேடைப் படியில் ஒன்று அனாதையாக நின்றது. நாற்பது நிமிஷம் அலைந்ததில் தொட்டிக்குள் ஐந்து கோப்பை, டீச்சர் கோப்பையின் மூன்று துண்டு, ஒரு நாணயம், ஒரு துண்டு ரொட்டி. மணி மூன்றரை. எனக்கு மூச்சு இரைத்தது. ஆனால் ஒரு விஷயம் உள்ளுக்குள் கொதிக்க ஆரம்பித்திருந்தது. கேட்ட யாருமே கோப்பையைச் சட்டென்று தரவில்லை. ஒருத்தர்கூட.

அப்போதுதான் ஒலிபெருக்கி, சிவப்புச் சட்டை அணிந்த நான்கு வயதுக் குழந்தை தன் பெற்றோரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மத்தியானத்திலிருந்து அது பத்துத் தடவை ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. காணாமல் போன குழந்தை, காணாமல் போன கண்ணாடி, காணாமல் போன வலதுகால் செருப்பு. நான் தொட்டியோடு அறிவிப்புப் பந்தலுக்கு ஓடினேன்.

அறிவிப்பாளர் ஒல்லியான மனிதர். குரலை மட்டும் யாரிடமோ கடன் வாங்கியிருந்தார் போல அவ்வளவு கனம். சிவப்புச் சட்டைக் குழந்தை அவர் மேசை மேல் உட்கார்ந்து மைக்கின் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. என்னம்மா தொலைஞ்சுது என்று கேட்டார். ஒரே ஒரு வார்த்தை என்று அண்ணி சொன்னது காதிலேயே இருந்தது.

"கப்பு," என்றேன்.

"ஒண்ணா?"

"முப்பது."

அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினவர் நிமிர்ந்தார். "எப்படி இருக்கும்?"

நான் அவருடைய இடது கையைக் காட்டினேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். அதில் அண்ணன் கோப்பை இருந்தது. முக்கால்வாசி குடித்திருந்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டே மைக்கை இழுத்தார்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. முப்பது கோப்பைகளைக் காணவில்லை. நிறம் சாம்பல். உயரம் அரைச் சாண். கைப்பிடி கிடையாது. அடையாளம், இடுப்பில் பள்ளம். கடைசியாகப் பார்த்தபோது பூசணி சூப் அணிந்திருந்தன. கண்டவர்கள் கைவேலை வரிசையின் கடைசிக் கடையில் ஒப்படைக்கும்படி வீட்டார் கேட்டுக்கொள்கிறார்கள்."

மைதானம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அலைபோல ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போனது. ஆங்காங்கே ஆட்கள் தங்கள் கையைத் தாங்களே குனிந்து பார்ப்பது தெரிந்தது. மரம் கடைகிறவர் கோப்பையை உயரத் தூக்கிக் காட்டினார். அறிவிப்பாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, தன்னுடையதைத் தான் கடைசியாகத்தான் ஒப்படைப்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்றார்.

நான் திரும்பி ஓடினேன். எனக்கு முன்னாலேயே கூட்டம் ஓடியிருந்தது. எங்கள் மேசை முன்னால் வரிசை, அது வளைந்து சூப் கடை வரிசையோடு கலந்து, எது எந்த வரிசை என்று தெரியாமல் நின்றது. காலிக் கோப்பையோடு வந்தவர்கள் ஒப்படைக்க வரவில்லை, விலை கேட்க வந்திருந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள், அறிவிப்பைக் கேட்டு என்னதான் என்று பார்க்க வந்தவர்கள். அண்ணி ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, சூப் கடைக்காரரின் சுடுதண்ணீரில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் என்ன நடக்குது பூச்சி என்பதைக் கண்ணாலேயே கேட்டாள்.

சிக்கல் என்னவென்றால் பல பேருக்குத் தாங்கள் குடித்த கோப்பை சரியாகப் பொருந்தவில்லை. ஒரு பெரியவர் எனக்கு இது இறுக்குது, ஆனா பிடிச்சிருக்கு என்றார். பின்னால் நின்ற பெண், எனக்கு வழுக்குது என்றாள். இருவரும் மாற்றிப் பார்த்தார்கள், இரண்டும் சேரவில்லை. ஆளாளுக்குக் கோப்பையைக் கைமாற்றி, சந்தையில் செருப்பு போட்டுப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. அண்ணிக்கு எது எது யாருடையது என்று நினைவில்லை. அவள் எப்போதும் மண்ணைத்தான் பார்ப்பாள். கையைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

"உங்க கையக் காட்டுங்க," என்றேன்.

யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

பெரியவர் கையை நீட்டினார். நீளமான விரல், அகலமில்லாத உள்ளங்கை. தபால்காரர் கை மாதிரியே. நான் அந்தக் கோப்பையை மேசையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் பிடித்தார், சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். அந்தப் பெண்ணுக்கு அண்ணியின் கை. இடதுகைக்காரி ஒருத்தி வந்து, எனக்கெல்லாம் எங்க இருக்கப்போகுது என்று அலுத்துக்கொண்டாள். மீட்டர்காரர் ரீடிங் புத்தகத்தைக் கீழே வைக்காமல் இடது கையால் அழுத்தியது எனக்கு நினைவிருந்தது. எடுத்துக் கொடுத்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஒரு வாரத்துக்குத் தனியாக உட்கார்ந்து நினைக்கலாம். வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. இது உங்களுக்கு லூசா இருக்கும். கட்டைவிரலை இன்னும் கீழ வைங்க. அவருக்கு அடுத்தவங்க வாங்க. சூப் கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, இந்தப் பொண்ணா பேசமாட்டான்னு சொன்னாங்க என்று பானையிடம் கேட்டார்.

ஒரே ஒரு கோப்பை மட்டும் யாரிடமும் நிற்கவில்லை. அதன் பள்ளம் ஒரு இடத்தில் சாய்வாக, வெளிப்பக்கம் ஒதுங்கிப் போனது. ஐந்து பேர் எடுத்தார்கள், ஐந்து பேரும் திருப்பி வைத்தார்கள். எனக்கும் அது யார் கை என்று தெரியவில்லை. அது அழுத்தப்பட்டபோது நான் கிண்ணம் பிடிக்கவில்லை. அண்ணியிடம் காட்டிக் கேட்டேன். அவள் அதை வாங்கி மேசை ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டு, அடுத்தவருக்குக் கோப்பை கழுவப் போய்விட்டாள்.

ரொட்டி அடுப்புக்காரம்மா வாக்குத் தவறாமல் வந்து என் கையை வாங்கிக்கொண்டு போன நேரத்தில், கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு அம்மா வந்து நின்றாள். பின்னால் அண்ணன்.

அம்மா கண்ணில் முதலில் பட்டது, கை முழங்கை வரை நனைந்து, சூப் கடைக்காரர் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள்தான்.

"நீ கப் விக்க வந்தியா, கழுவ வந்தியா?" என்றாள்.

அண்ணி எழுந்து நின்றாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்தினாள். அம்மாவுக்கு ஒழுங்கில்லாத மேசையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. என்ன இது அலங்கோலம் என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் கிடந்ததை நடுவில் எடுத்துவைக்கப் போனாள். எடுத்தது அந்த ஒற்றைக் கோப்பையை.

எடுத்த கை அப்படியே நின்றது.

சாய்வான பள்ளத்தில் அம்மாவின் கோணல் விரல் போய்ப் படுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள். விரலை வேண்டுமென்றே வேறு மாதிரி வைத்துப் பார்த்தாள், சேரவில்லை. பழைய இடத்துக்கு நகர்த்தினாள், சேர்ந்தது.

"நான் கை குடுக்கவே இல்லையே," என்றாள். குரலில் சண்டை இல்லை.

அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "உங்க துணி சோப்பப் பார்த்து எடுத்தேன் அத்தை. தேஞ்ச சோப்புல உங்க விரல் அப்படியே பதிஞ்சிருந்துது."

சோப்பைக் காணாத அந்த இரண்டு நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் அண்ணியைப் பார்க்கவில்லை, கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒருவர், அம்மா அது விற்பனைக்கா, நான் ஒருதடவை பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். "இல்ல," என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், எனக்குத்தான் வரவில்லை.

சூப் கடைக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அம்மா கையிலிருந்த கோப்பையில் கேட்காமலே ஒரு கரண்டி ஊற்றினார். அம்மா வழக்கமாகச் சூடாக எதையும் குடிக்கமாட்டாள். வளைந்த விரலுக்கு டம்ளர் சரியாக நிற்காது, சுடும், கீழே வைப்பாள், ஆறிப்போகும். அன்றைக்கு நின்றபடியே, ஆவி முகத்தில் அடிக்க, ஒரு தடவையும் கீழே வைக்காமல் குடித்து முடித்தாள். முடித்துவிட்டு உப்பு கம்மி என்றாள்.

ஐந்து மணிக்குக் கணக்குப் பார்த்தோம். ஒன்று உடைந்தது. இரண்டு வரவே இல்லை, யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதோ. அறிவிப்பாளர் கடைசி ஆளாக வந்து, அண்ணன் கோப்பையை ஒப்படைக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, பத்திரமா வச்சுக்குங்க சார், என் கை அது என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தான். மிச்சம் ஆறு. அதை ஒரு பெட்டியில் போட்டோம். இன்னொரு பெட்டி காலி. அம்மா கையிலிருந்ததை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

வண்டியில் நானும் அண்ணியும் பின்னால், நடுவில் பெட்டிகள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வருடத்துப் பேச்சை ஒரு மணி நேரத்தில் பேசினால் கட்டாமல் என்ன செய்யும். அப்படியும் இடதுகைக்காரியைப் பற்றி மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கண் முன்சீட்டில் இருந்தது. அங்கே அம்மா கோப்பையை மடியில் வைத்து, உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் பிடித்தபடியே வந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டான். அவனுக்கும் பயம்.

"அந்த ரூம்லதான். பின்ன என் தலைமேலயா வைப்ப?" என்றாள் அம்மா.

"அப்ப சைக்கிள்காரர் நாளைக்கு வந்தா?"

அம்மா செருப்பைக் கழற்றினாள். கோப்பையைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையாலேயே கழற்றினாள்.

"வந்தா வரட்டும். அவர் கையையும் ஒரு கப்புல அழுத்தி வாங்கிக்கிட்டு அனுப்பச் சொல்லு உன் பொண்டாட்டிய."